பழைய கிரெடிட் கார்டு பாக்கிக்குக் கோர்ட் சம்மன் வந்தால்: காகிதம் கைக்கு வந்த நாள் முதல் ஜப்தி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கார்டை வெட்டிப் போட்டுப் பல வருஷம் ஆகியிருக்கும். வேலை போனதாலோ மருத்துவச் செலவாலோ கட்ட முடியாமல் நின்ற பாக்கி அது. ஏஜென்டுகளின் போன்கூட ஓய்ந்துபோன நேரத்தில், கோர்ட் அமீனா வந்து ஒரு கட்டுக் காகிதத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார். பிரித்துப் பார்த்தால், செலவழித்ததைப்போல மூன்று நான்கு மடங்குத் தொகை.

எல்லோரும் அந்தத் தொகையைப் பார்த்துத்தான் மிரள்கிறார்கள். ஆனால் இந்த வகை வழக்கில் தொகை இரண்டாம்பட்சம், முதலில் பார்க்க வேண்டியது தேதிகளை. சம்மன் உங்கள் கைக்கு வந்த தேதி, கடைசியாகப் பணம் கட்டிய தேதி, வங்கி வழக்கைத் தாக்கல் செய்த தேதி என்று மூன்று. வழக்கு எந்தப் பக்கம் சாயும் என்பதைப் பெரும்பாலும் இவைதான் சொல்லிவிடும். பிரதிவாதி கோர்ட் பக்கமே வராமல் இருப்பதுதான் வங்கிக்குக் கிடைக்கக்கூடிய ஆகச் சுலபமான வெற்றி.

கீழே இருப்பது இந்தியச் சட்டப்படி சிவில் கோர்ட்டில் நடக்கும் வழக்குக்கான வழிகாட்டி. உங்கள் காகிதங்களைப் படித்த ஒரு வக்கீலின் யோசனைக்கு இது மாற்று அல்ல. ஆனால் இதைப் படித்துவிட்டு வக்கீலிடம் போனால், அவர் கேட்கும் முதல் பத்துக் கேள்விக்கும் உங்களிடம் பதில் இருக்கும்.

வந்திருப்பது என்ன காகிதம்?

"லீகல் நோட்டீஸ்" என்று தலைப்பிட்டு ஒரு வக்கீலின் லெட்டர்ஹெட்டில் வருவது வழக்கே அல்ல. அது வங்கித் தரப்பின் கடிதம், அவ்வளவுதான். வாட்ஸப்பில் "உங்கள்மீது வாரண்ட் இருக்கிறது, இன்று மாலை போலீஸ் வரும்" என்று வருவது பெரும்பாலும் மிரட்டல் அல்லது மோசடி. கடன் பாக்கிக்காகப் போலீஸ் கைது செய்வதில்லை.

உண்மையான சம்மனில் கோர்ட்டின் பெயர், முத்திரை, ஓ.எஸ். (அசல் வழக்கு) என்று தொடங்கும் வழக்கு எண், நீங்கள் ஆஜராக வேண்டிய தேதி எல்லாம் இருக்கும். கூடவே பிராதின், அதாவது வங்கி தாக்கல் செய்த வழக்கு மனுவின், நகலும் இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஈ-கோர்ட்ஸ் இணையதளத்திலோ செயலியிலோ உங்கள் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்ற 16 இடங்கள் கொண்ட எண் உண்டு. அதைக் குறித்துவைத்துக்கொண்டால் அடுத்த வாய்தா என்றைக்கு, இன்று என்ன உத்தரவு என்பதையெல்லாம் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

இதே பாக்கிக்காக வேறு சில வகைக் காகிதங்களும் வரலாம், ஒவ்வொன்றுக்கும் பாதை வேறு. முன்பு கொடுத்த செக் திரும்பியிருந்தால் அது செலாவணி முறிச் சட்டம் 138-வது பிரிவின்கீழ் வரும் குற்றவழக்கு. அந்த நோட்டீஸ் கிடைத்து 15 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால்தான் வழக்கே பிறக்கும். வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுக்கும் ஏற்பாடு பணமின்றித் திரும்பினாலும் 2007-ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடாச் சட்டம் 25-வது பிரிவில் இதே மாதிரி வழக்கு வரலாம். 20 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வங்கி கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகும். "ஆர்பிட்ரேட்டர்" (கோர்ட்டுக்கு வெளியே தகராறைத் தீர்க்கும் நடுவர்) என்று ஒருவர் கடிதம் அனுப்பினால் அதையும் குப்பையில் போடாதீர்கள், ஏனென்றால் அவர் தரும் தீர்வை கோர்ட் டிகிரி (தீர்ப்பாணை) மாதிரியே நிறைவேற்றலாம். வங்கி தானே ஒருதலையாக ஆர்பிட்ரேட்டரை நியமிப்பது செல்லாது என்று வாதிட உச்ச நீதிமன்றத்தின் 2019-ஆம் ஆண்டு பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் தீர்ப்பு கைகொடுக்கும். ஆனால் அதைக்கூட எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தால்தான் சொல்ல முடியும்.

சம்மனை வாங்காமல் தட்டிக்கழித்தால்?

பலன் ஒன்றும் இல்லை. வாங்க மறுத்தால் கொடுத்ததாகவே எழுதிக்கொள்வார்கள். நீங்கள் இல்லாதபோது வீட்டிலுள்ள வயதுவந்த குடும்பத்தினரிடம் கொடுக்கலாம். கதவில் ஒட்டலாம். கடைசியில் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துவிட்டு வழக்கை நடத்தலாம். வாங்கிக்கொண்டு, உறையின்மேல் கிடைத்த தேதியை எழுதிவைப்பதே புத்திசாலித்தனம். உறையை எறிய வேண்டாம். அதிலுள்ள தபால் முத்திரை பிறகு சாட்சி சொல்லும்.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது

சம்மன் சார்வான (முறைப்படி உங்களிடம் சேர்ந்த) நாளிலிருந்து 30 நாளுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். வக்கீல்கள் இதை ரிட்டன் ஸ்டேட்மென்ட் என்பார்கள். காரணம் காட்டினால் கோர்ட் 90 நாள்வரை அனுமதிக்கலாம். அதற்கும் மேலே தாமதமானாலும், விதிவிலக்கான காரணம் இருந்தால் ஏற்கும் அதிகாரம் சாதாரண சிவில் கோர்ட்டுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் கைலாஷ் வழக்கில் சொல்லியிருக்கிறது. இதை நம்பிச் சும்மா இருந்துவிடக் கூடாது. 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத வழக்கை வங்கி வணிக நீதிமன்றத்தில் போட்டிருந்தால், 120-வது நாளோடு எதிருரை தாக்கல் செய்யும் உரிமையே போய்விடும். அங்கே கருணை மனுவுக்கு இடமில்லை.

சம்மனில் "ஆணை 37" என்ற சொல் இருக்கிறதா என்று உடனே பாருங்கள். இருந்தால் அது சிவில் நடைமுறைச் சட்டத்தின் அந்த ஆணைப்படி நடக்கும் சுருக்கமுறை வழக்கு, உங்களுக்கு இருப்பது 30 நாள் அல்ல, 10 நாள். அந்த 10 நாளுக்குள் நேரிலோ வக்கீல் மூலமாகவோ ஆஜராகி, நோட்டீஸ் அனுப்ப வேண்டிய முகவரியைத் தாக்கல் செய்ய வேண்டும். பிறகு வங்கி இன்னொரு சம்மன் அனுப்பும். அது கிடைத்து 10 நாளுக்குள், எதிர்த்து வழக்காட அனுமதி கேட்டு பிரமாணப் பத்திரத்துடன் மனு போட வேண்டும். உங்களிடம் உண்மையான வாதம் இருக்கிறது என்று அதில் தெரிந்தால்தான் உள்ளேயே விடுவார்கள். அந்த மனுவில் ஏதாவது ஒரு தொகையை ஒப்புக்கொண்டால், அதைக் கோர்ட்டில் கட்டினால்தான் அனுமதி கிடைக்கும்.

முதல் வாரத்தில் சேர்க்க வேண்டியவை

பிராதோடு வங்கி தாக்கல் செய்த ஆவணங்களின் நகல் முழுமையாக வந்திருக்கிறதா என்று முதலில் சரிபாருங்கள். பல நேரம் பிராது மட்டும் வரும், ஆவணங்கள் வராது. வராதவற்றைக் கேட்டு முதல் வாய்தாவிலேயே மனு போடலாம். எதிராளி தன் பிராதில் குறிப்பிட்ட எந்த ஆவணத்தையும் பார்வையிட உங்களுக்கு உரிமை உண்டு.

உங்கள் பக்கத்திலிருந்து தேட வேண்டியவை: கார்டு பில் கட்டிய சேமிப்புக் கணக்கின் ஸ்டேட்மென்ட், மின்னஞ்சலில் கிடக்கும் பழைய கார்டு ஸ்டேட்மென்ட்கள், கார்டை மூடச் சொல்லி அனுப்பிய கடிதம், செட்டில்மென்ட் பேசிய குறுஞ்செய்திகள், உங்கள் கிரெடிட் ரிப்போர்ட். கடைசியாகச் சொன்னதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கடைசியாக எப்போது பணம் கட்டினீர்கள், பாக்கி எவ்வளவு என்று வங்கி தானே எழுதிக்கொடுத்த தகவல் அதில் இருக்கலாம். பிராதில் வேறு தேதி இருந்தால், குறுக்கு விசாரணைக்கு முதல் கேள்வி கிடைத்துவிட்டது.

கடன் காலாவதி ஆகிவிட்டதா?

வழிகாட்டியின் மையம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி இந்தக் கடனை வசூலிக்க வழக்குப் போட 3 ஆண்டுதான் அவகாசம். கார்டு விஷயத்தில் நீங்கள் கட்டத் தவறிய நாளிலிருந்தோ, கடைசியாகக் கட்டிய நாளிலிருந்தோ இதைக் கணக்கிடுவார்கள். காலம் கடந்து போட்ட வழக்கை, பிரதிவாதி அந்த வாதத்தை எழுப்பாவிட்டாலும் தள்ளுபடி செய்ய வேண்டியது கோர்ட்டின் கடமை என்று அந்தச் சட்டத்தின் 3-வது பிரிவு சொல்கிறது. சட்டம் அப்படித்தான். ஆனால் கட்டுக்கட்டாக வழக்கு குவிந்திருக்கும் கோர்ட்டில் நீங்கள் சுட்டிக்காட்டாமல் யாரும் கூட்டிக் கழித்துப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. "கட்டாமல் விட்டு 6 வருஷம் ஆகிவிட்டது, இப்போதுதான் சம்மன் வருகிறது, அப்படியென்றால் காலாவதிதானே?" என்கிறார்கள். அப்படியல்ல. பார்க்க வேண்டியது சம்மன் வந்த தேதியை அல்ல, பிராது தாக்கலான தேதியை. 2 ஆண்டு 11 மாதத்தில் வழக்கைப் போட்டுவிட்டு, முகவரி சரியில்லாமல் சம்மன் மூன்று வருஷம் சுற்றியிருக்கலாம். ஈ-கோர்ட்ஸ் பக்கத்தில் தாக்கல் தேதி தெளிவாக இருக்கும்.

அடுத்தது கொரோனாக் காலம். 15.03.2020 முதல் 28.02.2022 வரையிலான நாட்களைக் காலவரம்புக் கணக்கிலிருந்து நீக்கி உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. ஏறக்குறைய இரண்டு வருஷம் வங்கிக்குக் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. மூன்று உதாரணம் போட்டால் விளங்கும்.

கட்டத் தவறிய நாள் 2016 ஜூன் என்றால், 2019 ஜூனிலேயே மூன்று ஆண்டு முடிந்துவிட்டது. கொரோனா உத்தரவு அதை எழுப்பாது. அதற்குப் பிறகு போட்ட வழக்கு, வேறு காரணம் இல்லாவிட்டால், காலாவதி.

2017 மே என்றால் காலம் 2020 மேயில், அதாவது நீக்கப்பட்ட நாட்களுக்குள் முடிகிறது. இத்தகைய வழக்குகளுக்கு 01.03.2022 முதல் குறைந்தது 90 நாள் தரப்பட்டது. ஆக, 2022 மே மாதக் கடைசியோடு முடிந்தது.

05.09.2018 என்றால், 15.03.2020 அன்று இன்னும் ஏறத்தாழ ஒன்றரை வருஷம் மிச்சம் இருந்தது. அந்த மிச்சம் 01.03.2022 முதல் மறுபடி ஓடி, 2023 ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி முடியும். 2022-இல் போட்ட வழக்கைப் பார்த்து "நாலு வருஷம் ஆகிவிட்டதே" என்று வாதிட்டால் எடுபடாது.

கொரோனா போக, காலத்தைப் புதிதாகத் தொடங்கிவைக்கும் செயல்கள் இரண்டு உண்டு. மூன்று ஆண்டு முடிவதற்குள் நீங்கள் கையெழுத்திட்டு எழுத்தில் பாக்கியை ஒப்புக்கொண்டால், அந்த நாளிலிருந்து புதிய மூன்று ஆண்டு. அதேபோல மூன்று ஆண்டுக்குள் ஒரு பகுதியைக் கட்டி, அதற்கு உங்கள் கையெழுத்திலோ ஒப்பத்துடனோ எழுத்துப் பதிவு இருந்தால், அப்போதும் புதிய மூன்று ஆண்டு. ஏஜென்ட் "வெறும் ஐந்நூறு ரூபாய் போடுங்க சார், உங்க பைலை நான் ஹோல்டு பண்ணிடறேன்" என்று கெஞ்சுவதில் ஒரு அர்த்தம் இருக்கிறது. மூன்று ஆண்டு முடிந்தபிறகு கட்டிய சில்லறைத் தொகை செத்த கடனை எழுப்பாது. ஆனால் காலம் முடிந்தபிறகும் "இன்ன தொகையைத் தருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 25-வது பிரிவுப்படி அது புதிய ஒப்பந்தமாகிவிடும்.

காலத்தை நீட்டாதவை எவை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வங்கி அனுப்பிய நோட்டீஸ் நீட்டாது. மாதாமாதம் வட்டி ஏற்றி அனுப்பிய ஸ்டேட்மென்ட் நீட்டாது, அது வங்கியின் எழுத்தே தவிர உங்கள் எழுத்து அல்ல. வங்கி தன் புத்தகத்தில் வாராக்கடன் என்று எழுதிய தேதியும் நீட்டாது. கடனை இன்னொரு நிறுவனத்துக்கு விற்றதாலும் கடிகாரம் திரும்பிப் போகாது. பிராதில் "வழக்குமூலம் எழுந்தது" என்று தொடங்கும் பத்தியை, அதாவது வழக்குப் போடக் காரணம் எப்போது பிறந்தது என்று சொல்லும் பத்தியை எடுத்து, அங்கே பட்டியலிட்டிருக்கும் ஒவ்வொரு தேதியையும் இந்த அளவுகோலில் நிறுத்துப் பாருங்கள்.

இந்தச் சமயத்தில் வாயையும் பேனாவையும் கட்டுப்படுத்துங்கள்

சம்மன் வந்த பதற்றத்தில் வங்கிக்குப் போன் போட்டு அழுவதோ, "மன்னிக்கவும், விரைவில் கட்டிவிடுகிறேன்" என்று மின்னஞ்சல் அனுப்புவதோ வேண்டாம். மின்னஞ்சலும் எழுத்துப்பூர்வ ஒப்புதல்தான் என்று வங்கி வாதிடும். செட்டில்மென்டுக்கு என்று சொல்லி யாரிடமும் வெற்றுச் செக் கொடுக்காதீர்கள். சிவில் வழக்கைத் தாண்டிக் குற்றவழக்குக்கு நீங்களே கதவைத் திறந்துவிடுவதாகிவிடும். சம்பளக் கணக்கு, கார்டு கொடுத்த அதே வங்கியில் இருந்தால் அதை வேறு வங்கிக்கு மாற்றுவது நல்லது. ஒரே வாடிக்கையாளரின் கணக்குகளை ஈடுகட்டிக்கொள்ளும் உரிமை தனக்கு உண்டு என்று வங்கிகள் டிகிரிக்குக் காத்திராமலே பணத்தை எடுத்துக்கொள்கின்றன.

ஏஜென்டுகள் தொல்லை கொடுத்தால், காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. புகாரை எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாக்கித் தொகையைப் பற்றிய தகராறு கோர்ட்டில் நிலுவையில் இருக்கும்போது, அதே விஷயத்தை ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் எடுத்துக்கொள்ள மாட்டார்.

தொகையைப் பிரித்துப் பார்த்தல்

கடன் காலத்துக்குள்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கேட்ட தொகையை அப்படியே கொடுக்க வேண்டும் என்பதில்லை. பாக்கியை நான்காகப் பிரித்து எழுதுங்கள்: நீங்கள் வாங்கிய பொருளுக்கான தொகை, வட்டி, தாமதக் கட்டணம் முதலிய கட்டணங்கள், வரி. வங்கி ஒரே வரியில் "மொத்தப் பாக்கி" என்று போட்டிருந்தால், எங்கிருந்து எப்படி வந்தது என்று முதல் ஸ்டேட்மென்டிலிருந்து கணக்குக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பல பிராதுகளில் கடைசி ஓரிரு ஸ்டேட்மென்ட் மட்டும்தான் இணைத்திருப்பார்கள்.

2022-இல் வந்த ரிசர்வ் வங்கியின் கார்டு நெறிமுறைகள், கட்டாத கட்டணங்களையும் வரியையும் அசலோடு சேர்த்து வட்டிக்கு வட்டி போடக் கூடாது என்கின்றன. கெடு முடிந்து மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம், அதுவும் கட்டாமல் மிச்சமிருக்கும் தொகையின்மீது மட்டும்தான். கார்டை மூடச் சொல்லி, பாக்கியும் இல்லாமல், 7 வேலை நாளுக்குள் மூடாவிட்டால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். இந்த விதிகள் 01.07.2022 முதல் நடைமுறைக்கு வந்தவை, வட்டிக்கு வட்டி கூடாது என்பது மட்டும் 01.10.2022 முதல். அதற்கு முந்தைய மாதங்களுக்கு இவற்றை நீட்டி வாதிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் சிரிப்பார்.

வட்டி பற்றி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு பழைய யோசனையைப் புதைத்துவிட வேண்டும். 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னதை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. வட்டி அதிகம் என்ற ஒரே காரணத்துக்காகக் கோர்ட் கணக்கைத் திறந்து பார்க்கக் கூடாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டமும் சொல்கிறது. எனவே "வட்டி அநியாயம்" என்று எழுதுவதைவிட, "இந்த வட்டி விகிதத்துக்கு நான் ஒப்புக்கொண்ட ஒப்பந்தம் எங்கே, இந்தக் கட்டணத்தை எந்த விதியின்கீழ் போட்டீர்கள்" என்று கேட்பது பலமான வாதம். வழக்கு நடக்கும் காலத்துக்கும் அதற்குப் பிறகும் எவ்வளவு வட்டி என்பதில் சிவில் நடைமுறைச் சட்டம் 34-வது பிரிவுப்படி நீதிபதிக்கு விருப்புரிமை உண்டு. குறைத்துக் கேட்க வேண்டிய இடம் அதுதான்.

கடனை வேறு யாரோ வாங்கியிருந்தால்

வாதியாக உங்கள் வங்கியின் பெயர் இல்லாமல், கேள்விப்படாத ஒரு சொத்து மறுசீரமைப்பு நிறுவனம் இருக்கலாம். அப்படியானால் கடன் தனக்கு மாறியதற்கான பத்திரத்தையும், அதன் அட்டவணையில் உங்கள் கணக்கு எண் இருக்கும் பக்கத்தையும் அந்த நிறுவனம் காட்ட வேண்டும். "இன்ன வங்கியின் கடன்கள் அனைத்தும்" என்ற பொதுவாசகம் மட்டும் இருந்தால் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். வெறும் வசூல் ஏஜென்சிக்கு உங்கள்மீது வழக்குப் போட உரிமையில்லை. இன்னொரு பக்கம், வங்கியின் பிராதில் கையெழுத்திட்ட அதிகாரிக்கு அதிகாரம் இல்லை என்ற வாதத்தில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். அந்தக் குறையைப் பிறகு சரிசெய்ய விடலாம் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது.

எதிருரை எழுதுவது

பிராதில் பத்திக்குப் பத்தி எண் இருக்கும். எதிருரையும் அந்த வரிசையிலேயே போக வேண்டும். ஒவ்வொரு பத்திக்கும் ஒப்புக்கொள்கிறீர்களா, மறுக்கிறீர்களா, உங்களுக்குத் தெரியாத விஷயமா என்று சொல்ல வேண்டும். குறிப்பாக மறுக்காத எதையும் ஒப்புக்கொண்டதாகக் கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். இது சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 8-இன் விதி. "பிராதில் கண்ட சங்கதிகள் யாவும் பொய்" என்ற பழைய சொற்றொடர் மட்டும் இருந்தால் அது மறுப்பே ஆகாது.

ஒரு மாதிரி பாருங்கள். பலவீனமான மறுப்பு: "6-வது பத்தியில் சொல்லியிருப்பது சரியல்ல." பலமான மறுப்பு: "6-வது பத்தியில் 31.03.2020 அன்று ரூ.1,84,320 பாக்கி இருந்ததாகச் சொல்வதை மறுக்கிறேன். நான் கடைசியாகப் பணம் கட்டியது 12.08.2018. அதன்பின் கார்டைப் பயன்படுத்தவில்லை. அந்த மாத ஸ்டேட்மென்ட்படி பாக்கி ரூ.71,450. அதற்கு மேற்பட்ட தொகை எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதற்கு வாதி எந்த ஆவணமும் தாக்கல் செய்யவில்லை." இரண்டாவதில் ஒவ்வொரு வாக்கியமும் வங்கிச் சாட்சியிடம் கேட்க ஒரு கேள்வியைத் தயார் செய்துவைக்கிறது.

ஆனால் மேலே உள்ள மாதிரியில் ஒரு கத்தி ஒளிந்திருக்கிறது. 71,450 ரூபாய் பாக்கி என்று தெளிவாக ஒப்புக்கொண்டால், அந்தத் தொகைக்கு மட்டும் உடனே தீர்ப்புத் தரச் சொல்லி வங்கி மனு போடலாம். ஒப்புக்கொள்வதும் விடுவதும் வக்கீலோடு உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டிய விஷயம். ஒன்று மட்டும் உறுதி: கார்டே வாங்கவில்லை என்று பொய் எழுத வேண்டாம். எதிருரையின் கடைசியில் உண்மை என்று சான்றளித்து, பிரமாணப் பத்திரமும் போடுகிறீர்கள். பொய் வெளிப்பட்டால் மற்ற நல்ல வாதங்களும் அதோடு சேர்ந்து போய்விடும்.

காலாவதி வாதத்தைத் தனித் தலைப்பிட்டு, தேதிகளோடு எழுதுங்கள். நீங்கள் வசிக்காத, பரிவர்த்தனை எதுவும் நடக்காத ஊரில் வழக்குப் போட்டிருந்தால், இந்தக் கோர்ட்டுக்கு எல்லை அதிகாரம் இல்லை என்பதையும் இப்போதே எழுத வேண்டும். பிறகு எழுப்ப விடமாட்டார்கள். கார்டு திருட்டுப் பரிவர்த்தனை என்றால் எப்போது வங்கிக்குத் தெரிவித்தீர்கள் என்ற விவரமும் புகார் எண்ணும் தேவை. வங்கி உங்களுக்குத் தர வேண்டிய தொகை ஏதாவது இருந்தால், அதற்கான கோர்ட் கட்டணத்தோடு எதிர்க்கோரிக்கையாகச் சேர்க்கலாம். கையிலுள்ள ஆவணங்களையும் எதிருரையோடே தாக்கல் செய்துவிடுங்கள்.

கார்டு வைத்திருந்தவர் இறந்து, வாரிசுகள்மீது வழக்கு வந்திருந்தால் எழுத வேண்டியது வேறு. இறந்தவரிடமிருந்து கைக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுக்குப் பொறுப்பு. மகனின் சொந்தச் சம்பாத்தியத்தில் கைவைக்க முடியாது.

வக்கீல் வைக்க வசதியில்லை என்றால்

நீங்களே ஆஜராகி வாதாடலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அதற்கு முன் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் கிடைக்கும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. தேசிய அளவிலான உதவி எண் 15100.

விசாரணையில்

வங்கித் தரப்பில் சாட்சி சொல்ல வருபவர் பெரும்பாலும் உங்கள் கணக்கைப் பார்த்தே இராத ஒரு அதிகாரி. அவரிடம் நீளமாகப் பேச வேண்டியதில்லை. கார்டு விண்ணப்பத்தின் அசல் எங்கே? முதல் ஸ்டேட்மென்ட் முதல் எல்லாம் தாக்கல் செய்திருக்கிறீர்களா? கணினியிலிருந்து எடுத்த அச்சுக்கு வங்கிப் புத்தகச் சாட்சியச் சட்டப்படி சான்று உண்டா? 01.07.2024 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்று உண்டா? ஒழுங்காகச் சான்றளித்த வங்கிக் கணக்கு நகல் முதல்நோக்குச் சாட்சியம் (மறுத்து நிரூபிக்கும்வரை ஏற்கப்படுவது) ஆகிவிடும் என்பதால், சான்று இல்லாத அச்சைச் சான்றாவணமாகக் குறியிடும் அந்த நேரத்திலேயே ஆட்சேபிக்க வேண்டும். மேல்முறையீட்டில் போய்ச் சொன்னால் காலம் கடந்த ஞானம்.

சமரசம் பேசுவது எப்போது, எப்படி

கடன் உண்மை, காலத்துக்குள்ளும் இருக்கிறது என்றால் பேசித் தீர்ப்பதே உத்தமம். ஆனால் எதிருரையைத் தாக்கல் செய்துவிட்டுப் பேசுங்கள். எதிர்ப்பில்லாத வழக்கில் வங்கிக்குத் தள்ளுபடி கொடுக்கும் அவசரம் எதுவும் கிடையாது. லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடிந்தால் வங்கி கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்பதால் அங்கே அவர்களும் கொஞ்சம் இறங்கி வருவார்கள். அங்கே எழுதும் முடிவு இறுதியானது, அதன்மேல் அப்பீல் இல்லை. தவணையைக் கட்ட முடியுமா என்று நூறு முறை யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் வங்கியின் லெட்டர்ஹெட்டில் கடிதம் கைக்கு வர வேண்டும். மொத்தத் தொகை, தவணைத் தேதிகள், கட்டியதும் வழக்கு முடியும் என்ற உறுதி, எந்தக் கணக்கில் கட்ட வேண்டும் என்ற விவரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஏஜென்டின் சொந்த யு.பி.ஐ. எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். வெளியே முடித்தாலும் கோர்ட்டில் சமரச மனு போட்டுப் பதிவு செய்துவிட வேண்டும். இல்லையென்றால் வழக்கு அதுபாட்டுக்கு ஓடி எக்ஸ்பார்ட்டி டிகிரியில் (நீங்கள் வராமலே ஒருதலையாக வரும் தீர்ப்பில்) போய் நிற்கும். முடிந்தபின் பாக்கியில்லாச் சான்று வாங்குங்கள். 30 நாளுக்குள் கிரெடிட் தகவல் நிறுவனத்துக்கு வங்கி தகவல் தர வேண்டும். தள்ளுபடியில் முடித்தால் ரிப்போர்ட்டில் "செட்டில்டு" என்று வரும், முழுதாகக் கட்டினால்தான் "குளோஸ்டு". அடுத்து வீட்டுக்கடன் வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் இந்த வித்தியாசத்தை விலை பேசும்போதே மனதில் வைக்க வேண்டும்.

ஏற்கெனவே எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டால்

எக்ஸ்பார்ட்டி என்று எழுதிவிட்டார்கள், ஆனால் டிகிரி இன்னும் வரவில்லை என்றால், அடுத்த வாய்தாவில் போய் வராததற்குக் காரணம் சொல்லி உள்ளே வரலாம். டிகிரியே வந்துவிட்டால் ஆணை 9 விதி 13-இன்கீழ் அதை ரத்து செய்ய மனு போட வேண்டும். அவகாசம் டிகிரி தேதியிலிருந்து 30 நாள். சம்மன் முறையாகச் சார்வாகவே இல்லை என்றால், டிகிரி பற்றித் தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். அந்த வீட்டைக் காலி செய்து போனதற்கான வாடகை ஒப்பந்தம், ஆதார் முகவரி மாற்றம் எல்லாம் இங்கே உயிர்நாடி. கெடு தாண்டியிருந்தால், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் கூடவே போக வேண்டும். கோர்ட் ஒரு பகுதித் தொகையையோ செலவுத்தொகையையோ கட்டச் சொல்லி நிபந்தனை போடலாம்.

டிகிரி வந்தபின் எதைத் தொட முடியும், எதை முடியாது

டிகிரியை 12 ஆண்டுவரை நிறைவேற்றலாம். பழைய கடன் என்று அலட்சியமாக இருந்தவருக்கு மூன்று ஆண்டு ஆயுள் பன்னிரண்டாக நீளுகிறது. வங்கி நிறைவேற்று மனு போட்டு, கணக்கை முடக்கலாம், சம்பளத்தைப் பிடிக்கலாம், வீட்டை ஜப்தி செய்து ஏலம் விடலாம்.

ஆனால் எல்லாவற்றுக்கும் வரம்பு உண்டு. சிவில் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவுப்படி சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. சம்பளம் 40,000 என்றால் மாதம் அதிகபட்சம் 13,000 பிடிக்கலாம். அதுவும் ஒரே டிகிரிக்காக 24 மாதம்தான். அதன்பின் அந்த டிகிரிக்காகச் சம்பளத்தில் கைவைக்க முடியாது. பிராவிடன்ட் பண்டும் அரசு ஓய்வூதியமும் ஜப்திக்கு அப்பாற்பட்டவை. உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவிகள், மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத தாலி முதலிய நகைகள் இவற்றையும் தொட முடியாது.

சிவில் சிறை என்று மிரட்டினால், பணடிகிரிக்காகப் பெண்ணைக் கைது செய்யக் கூடாது என்று 56-வது பிரிவு நேராகவே சொல்கிறது. ஆண்களுக்கும், கட்ட வசதியிருந்தும் வேண்டுமென்றே ஏமாற்றினால்தான் சிறை, வறுமைக்காக ஒருவரைச் சிறையில் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் தீர்த்துச் சொல்லிவிட்டது. வருமானம், செலவு, மற்ற கடன்கள் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்து, தவணையில் கட்ட அனுமதி கேட்கலாம். ஆணை 20 விதி 11 அதற்கு வழி வைத்திருக்கிறது. டிகிரி வருவதற்கு முன்பே கேட்டால் நீதிபதி தானே உத்தரவிடலாம். டிகிரிக்குப் பிறகு என்றால் வங்கியின் சம்மதம் வேண்டும்.